மெஷின் ஓய்வெடுக்க விரும்பும் சமயங்கள்

மிக்சி வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். யாரும் பிரிக்காமல் பீரோவுக்கு மேலே போட்டுவிடுவார்கள். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்பது விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. எழுதுகிறவருக்குச் சம்பளம் உண்டு என்பது மூன்றாம் வருடத்தில்தான் தெரிந்தது. அந்த வருடம் ஆங்கிலப் பட்டப்படிப்பில் 'டெக்னிக்கல் ரைட்டிங்' என்று ஒரு தாளைச் சேர்த்திருந்தார்கள். சம்பளம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.

அந்தப் பெஞ்சு வீண்போகவில்லை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து பரீட்சை வைத்து என்னை எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. ஏதாவது ஒரு தொழில் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்து, அதை முடித்ததற்கான சான்றிதழ் காட்டவேண்டும். எங்கள் துறையில் இன்டர்ன்ஷிப்புக்குப் பொறுப்பாக இருந்த மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொன்னார்: "முடித்தார்னு தெளிவா இருக்கணும். கலந்துகொண்டார், முயற்சி செய்தார், அதெல்லாம் செல்லாது. போன வருஷம் ஒரு பையன் 'நல்ல பையன்'னு மட்டும் எழுதி வாங்கிக்கினு வந்தான்."

எனக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்பதை எங்கள் வீட்டு முறம் சொல்லும். கோலியனூரில் அம்மா கூலிக்குக் களை எடுப்பார், நடவு நடுவார், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவார். பிடுங்காத நாட்களில் மூட்டையாக வாங்கி வந்து வீட்டில் முறத்தோடு உட்கார்ந்து ஓடு உடைப்பார். கட்டைவிரல் நுனி வெடித்து, குழம்பில் கை பட்டால் "ஸ்ஸ்" என்பார். நான் சென்னைக்குப் போனால் அம்மா அடுத்த பட்டத்துக்குக் மல்லாட்டைக் காட்டில் குனியவேண்டாம். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் நான் படிக்க உட்கார்ந்தால் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

கூடப் படித்தவர்கள் புதுச்சேரி, சென்னை என்று பறந்துவிட்டார்கள். ஹாஸ்டலில் தங்க வழியில்லாத எனக்குத் திண்டிவனம் வாய்த்தது. மரக்காணம் போகிற சாலையில், மல்லாட்டை உடைக்கும் மெஷின் செய்கிற ஒரு பட்டறை. மேலே தொட்டி, அதில் காயைக் கொட்டினால் உள்ளே சுழலும் உருளை ஓட்டை உடைக்கும், ஒரு விசிறி தொலியை ஊதித் தள்ளும், அடியில் பருப்பு விழும். அருமையான மெஷின்தான். மானியத்தில் விற்கவேண்டுமானால் அதற்குக் கையேடு வேண்டும் என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். பட்டறை முதலாளி அதற்காக ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கையேடு வேண்டும், எனக்குச் சான்றிதழ் வேண்டும். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். முதலாளி காலண்டரைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, காதில் ஒரு பென்சில்.

"இன்னிக்கு அஷ்டமிம்மா. பேனா எடுக்காதே. சும்மா பார்த்துக்கினு இரு."

பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நவமி. அன்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள் ராகுகாலம் கழிந்ததும் அவரே பேனாவை என் கையில் எடுத்துக் கொடுத்து, "ஜல்தி எழுது" என்றார். நானா தாமதம் செய்தேன் என்று எரிச்சலாக வந்தது.

கையேட்டில் என்னென்ன இருக்கவேண்டும் என்று மேடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மெஷினின் பாகங்கள், இயக்கும் முறை, பழுது வந்தால் என்ன செய்வது. எல்லாவற்றுக்கும் முன்னால் எச்சரிக்கை. எச்சரிக்கை இல்லாத கையேடு அவர் கணக்கில் கையேடே இல்லை. நானும் நல்ல மாணவியாக எச்சரிக்கைப் பக்கத்தையே முதலில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன்.

"மெஷின் ஓடும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். விட்டால் விரல்கள் துண்டாகும்."

படித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தத் தாளை மூடினார்.

"இன்னாம்மா இது, காலங்காத்தால?"

"எச்சரிக்கை சார்."

"மொத பக்கத்துலயே விரல் துண்டாகும்னு எழுதினா வெளங்குமா? வாங்கறவன் புதுசா வாங்கறான். பூ போட்டு, சூடம் காட்டி வீட்டுக்கு எடுத்துக்கினு போறான். அவன் கையில இதையா குடுக்கறது? எழுதினா பலிச்சுடும்மா."

"எழுதலைன்னாதான் சார் பலிக்கும்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து என் கையேட்டில் இருந்த அமங்கலச் சொற்களை ஒவ்வொன்றாகக் களை பிடுங்கினார். 'மெஷினை நிறுத்தவும்' கூடாது. ஓடுகிற தொழிலை நிறுத்து என்று சொல்வார்களா? 'மெஷினுக்கு ஓய்வு கொடுக்கவும்' ஆயிற்று. 'தேய்ந்த பெல்ட்', 'உழைத்த பெல்ட்' ஆயிற்று. 'தொட்டி காலியானதும்' என்று எழுதியிருந்தேன். காலி என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது. அது 'தொட்டி மீண்டும் நிறையக் காத்திருக்கும்போது' என்று மாறியது. பழுது என்ற அத்தியாயத்துக்குப் பெயர் வைக்க ஒரு நாள் முழுக்கப் பேசினோம். கடைசியில் 'மெஷின் ஓய்வெடுக்க விரும்பும் சமயங்கள்' என்று முடிவானது. எட்டு என்ற எண் ஆகாது என்பதால் ஏழாம் பக்கத்துக்கு அடுத்து ஒன்பதாம் பக்கம் வந்தது.

"அப்ப 'உடைக்கும் மெஷின்' மட்டும் இருக்கலாமா சார்?" என்று குத்தலாகவே கேட்டேன்.

"தேங்காய் ஒடைக்கிறோம் இல்ல? அது நல்ல வார்த்தை."

அன்று பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. முறத்தில் மல்லாட்டையை உடைத்துக்கொண்டே, "சரியாத்தானே சொல்றாரு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டிலும் விளக்கை யாரும் அணைப்பதில்லை, மலையேற்றுவோம். எங்கள் வீட்டில் அரிசி ஒருநாளும் தீர்ந்துபோனதில்லை. "அரிசி நெறைஞ்சிருக்குது" என்றுதான் அம்மா சொல்வார். நிறைந்திருந்த நாட்களில் எல்லாம் நாங்கள் கேப்பைக் கூழ் குடித்தோம்.

ஆனாலும் மேடத்திடம் போய் "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று சொல்ல முடியுமா? எச்சரிக்கை இல்லாமல் கையேட்டை ஏற்க மாட்டேன் என்றார் அவர். எச்சரிக்கை இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் முதலாளி. கையேட்டை இருவரும் ஏற்றால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் சென்னை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் அந்த வாரம் முழுக்க மத்தளமாக இருந்தேன்.

ஒரு வழி தோன்றியது. இரண்டு பேருக்கும் பொதுவாக, எச்சரிக்கையை வாழ்த்தாக எழுதிப் பார்த்தேன்.

"தங்கள் பத்து விரல்களும் பல்லாண்டு நலமுடன் வாழ்க. அவை என்றும் தொட்டிக்கு வெளியிலேயே இருந்து தங்கள் குடும்பத்துக்குச் சோறு ஊட்டுக."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதாம்மா எழுத்து!" என்று பட்டறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தவர்கூட முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார்.

"இது வார்னிங்கா, கல்யாணப் பத்திரிகையா? மாப்பிள்ளை யாரு, மெஷினா?"

தாள் திரும்பி வந்தது. சென்னைக் கம்பெனியிலிருந்து நினைவூட்டல் மெயிலும் வந்தது.

மறுநாள் பட்டறைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். பிரம்மதேசத்துக்காரர். மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று வீட்டு மல்லாட்டையையே ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலாளி மெஷினுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சுவிட்சைப் போட்டார். பருப்பு அழகாகக் கொட்டியது. வந்தவருக்கு வாயெல்லாம் பல். அவரே மீதி மூட்டையைத் தூக்கித் தொட்டியில் சாய்த்தார். காய் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தொட்டியில் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. உருளை மட்டும் உள்ளே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

வந்தவர் சட்டைக் கையை மடித்தார். அடைப்பை எடுத்துவிடலாம் என்று முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டார்.

நான் கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. முதலாளிக்கு வந்தது.

"யோவ்! கையை எட்ரா! கை போயிடும்டா! துண்டாப் போயிடும்! செத்துடுவடா!"

சொல்லிக்கொண்டே பாய்ந்து, ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, இன்னொரு கையால் சுவிட்சை அடித்தார். மெஷின் நின்றது. ஓய்வெடுக்கவில்லை, நின்றது. வந்தவர் தரையில் மல்லாட்டை ஓட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. அவர் வாய் மட்டும் "கை போயிடுமா? கை போயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளிதான் எங்கள் இரண்டு பேரையும்விட மோசமாக இருந்தார். ஆள் பிழைத்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன் வாயால், தன் பட்டறையில், புது மெஷினுக்கு முன்னால் இத்தனை சொற்களையும் சொல்லிவிட்டோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே ஆள் அனுப்பிப் பூசணிக்காய் வாங்கிவரச் செய்து, அதன்மேல் சூடம் ஏற்றி, மெஷினை, வாடிக்கையாளரை, என்னை, கடைசியில் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி, சாலையில் போட்டு உடைத்தார். மரக்காணம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போனது.

அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் நான் நோட்டோடு பக்கத்தில் போனேன்.

"சார், நீங்க சொன்னீங்களே, அதை அப்படியே எழுதிக்கிறேன்."

"எதை?"

"கையை எடுன்னு சொன்னீங்களே, அதை. நான் எழுதினா பலிச்சுடும். ஆனா நீங்க சொல்லியாச்சு, பூசணிக்காயும் ஒடைச்சாச்சு. கழிச்ச வார்த்தைதானே சார்? இனிமே பலிக்காது."

அவர் என்னைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்தவரின் விரல்களையும் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துல ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சுடு" என்றார்.

அப்படித்தான் அந்த எச்சரிக்கைப் பக்கம் பிறந்தது. மேலே ஒரு பெரிய கறுப்புப் பொட்டு. கீழே அவர் கத்தியது. மேடம் இதைப் படித்து, கடைசியில் இதுதான் எச்சரிக்கை என்றார். ஆனால் வாடிக்கையாளரை 'யோவ்' என்று கூப்பிடக்கூடாது, மரியாதை வேண்டும் என்று திருத்தினார். "ஐயா, கையை எடுங்கள். கை போய்விடும். துண்டாகப் போய்விடும். செத்துப்போவீர்கள்." மரியாதை சேர்ந்ததும் அது முன்னைவிடப் பயங்கரமாக இருந்தது. பொட்டு எதற்கு என்று மேடம் கேட்டார். திருஷ்டி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும், கவனத்தை ஈர்க்குது" என்றார். பிரம்மதேசத்துக்காரர் மெஷினை வாங்கிப் போனார். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துத் தொட்டியின் மேல் ஒட்டி, பக்கத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருப்பதாகப் பிறகு போனில் சொன்னார். மற்ற பக்கங்கள் பீரோவுக்கு மேலே இருக்கும்.

கதை சுபம் என்று நினைத்துச் சான்றிதழுக்குப் போனேன். முதலாளி லெட்டர்பேடில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தது என் தலையெழுத்து. மேடம் உரக்கப் படித்தார்:

"இப்பெண் எங்கள் பட்டறையில் பயிற்சியை நல்ல நேரத்தில் தொடங்கி, மென்மேலும் பெருக்கி, போய் வருகிறார்."

"போய் வருகிறாரா? எங்க போய் எங்க வர்றே? அப்ப இன்னும் முடிக்கலையா நீ?"

"முடிச்சுட்டேன் மேடம். அவரு அப்படிச் சொல்லமாட்டாரு."

"நாளைக்குச் சாயந்தரம் சென்னைக்கு லிஸ்ட் அனுப்பறோம். 'முடித்தார்'னு வாங்கிக்கினு வா. இல்லன்னா அடுத்த பொண்ணு பேரு போயிடும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் திண்டிவனத்தில் இருந்தேன். முதலாளி பட்டறையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாம்பிராணித் தட்டை வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார்.

"கேட்டதெல்லாம் எழுதறேம்மா. கெட்டிக்காரின்னு எழுதட்டா? என் பொண்ணு மாதிரின்னு எழுதட்டா? முடிஞ்சுதுன்னு மட்டும் எழுதமாட்டேன். வாழப்போற பொண்ணு நீ. உன் பேருக்குப் பக்கத்துல முடிஞ்சுதுன்னு என் கையால எழுதுவேனா?"

"இங்கிலீஷ்ல எழுதிடலாம் சார். கம்ப்ளீட்டட்னு."

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "முடிஞ்சுதுன்னு" என்றேன்.

"அப்புறம்?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நீங்கள் நல்லது நினைத்து நினைத்தே என் பிழைப்பைக் கெடுக்கப் போகிறீர்கள் என்றேன். எங்கம்மா விரல் வெடித்துப்போய்க் கிடக்கிறது, அதற்கு எந்த நல்ல வார்த்தை மருந்து என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்லவேண்டும். வெல்டிங் சத்தம் நின்றுவிட்டது. அழுகை வருவதற்குள் போய்விடவேண்டும் என்று பையை மாட்டிக்கொண்டு வாசல்படிக்கு வந்து, திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்:

"நான் போறேன்."

அவ்வளவுதான். என் ஆயுளில் யாரிடமும் வாசல்படியில் நின்று அப்படிச் சொன்னதில்லை. பின்னால் ஸ்டூல் உருண்டு விழுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அம்மா! நில்லு! அப்படிச் சொல்லாதே! போயிட்டு வர்றேன்னு சொல்லு!"

"மாட்டேன்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசப்படியில நின்னுக்கினு... பேஜாரு பண்ணாதேம்மா. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

நான் திரும்பினேன். அவர் முகத்தில் நிஜமாகவே வேர்த்திருந்தது. என் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் வேலை முக்கியம்.

"நீங்க முடிஞ்சுதுன்னு எழுதுங்க. நான் போயிட்டு வர்றேன்னு சொல்றேன்."

சாம்பிராணிப் புகைக்கு நடுவில் அவர் இரண்டையும் எடைபோட்டார். காகிதத்தில் ஒரு கெட்ட வார்த்தையா, வாசல்படியில் ஒரு கெட்ட வார்த்தையா? பிறகு புதுத் தாளை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, "பயிற்சியை முடித்தார்" என்று எழுதினார். 'முடித்தார்' மட்டும் மற்ற எழுத்துகளில் பாதி அளவில் இருந்தது. கையெழுத்தும் போட்டார். சீல் வேண்டும் என்றேன். அவரிடம் இருந்தது பில்லில் குத்துகிற ஒரே ஒரு சீல்தான். தேடி எடுத்து, 'முடித்தார்' என்பதற்கு நேர் கீழே, அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஓங்கிக் குத்தினார். "நன்றி, மீண்டும் வருக."

"இப்பச் சொல்லு."

"போயிட்டு வர்றேன் சார்."

"மகராசியாப் போயிட்டு வா" என்றார். வெல்டிங் சத்தம் மறுபடி தொடங்கியது.

மேடம் அந்தச் சீலைக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். "முடித்தார்னு இருக்கு. மீதி உங்க ரெண்டு பேரு பிரச்சினை" என்று லிஸ்டில் என் பெயரை டிக் செய்தார்.

சென்னையில் முதல் சம்பளம் வாங்கிய வாரம் ஊருக்கு வந்தேன். மல்லாட்டை பிடுங்கும் பருவம். அம்மா வழக்கம்போல் விடியற்காலையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே காட்டுக்குப் போனேன். கூலிக்கு ஆள் சேர்க்கும் அக்கா வரப்பில் நின்று ஆட்களை வரிசை பிரித்துக்கொண்டிருந்தார். "இனிமே வரமாட்டேன்னு சொல்லுமா" என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என்னை முறைத்தார். பிறகு துண்டை அவிழ்த்து, மண்ணை உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"போயிட்டு வர்றேங்க" என்றார், தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி.

"வாக்கா" என்றார் வரப்பில் நின்றவர்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் காட்டுக்குப் போகவில்லை.